‘மச்சி, லிங்க் இருக்கா?’ – லவ் டுடே இப்போ பார்த்தால் எப்படி இருக்கு? சட்டப்படி எங்கே, எவ்வளவுக்குப் பார்க்கலாம்?

வெள்ளிக்கிழமை காலைக் காட்சியின் இடைவேளைக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு கேள்விகள் வந்துவிடும். ஒன்று, “படம் எப்படி?” இன்னொன்று, “லிங்க் இருக்கா மச்சி?”

பெரிய ஸ்டாரின் ஆக்‌ஷன் படம் என்றால் எப்படியாவது டிக்கெட் பிடித்துத் தியேட்டருக்குப் போய்விடுகிறோம். ரொமான்டிக் காமெடி என்றால்தான் “இதெல்லாம் போன்லயே பாத்துக்கலாம்” என்ற பேச்சு வருகிறது. போனில் பார்ப்பதில் தப்பே இல்லை. எந்த வழியாகப் பார்க்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

அதைப் பேச ‘லவ் டுடே’யைவிடப் பொருத்தமான படம் கிடையாது. காதலர்கள் இருவர் ஒரு நாளைக்குப் போனை மாற்றிக்கொள்வதுதான் கதையே. நம்ம போனை யார் கையில் கொடுக்கிறோம் என்று அந்தப் படம் கேட்கிறது. திருட்டு லிங்க்கைத் தொடும்போதும் நம்மிடம் அதே கேள்விதான் கேட்கப்படுகிறது. ஆனால் அது நம் காதில் விழுவதில்லை.

படத்தின் விமர்சனம், எங்கே பார்ப்பது, காத்திருந்தால் எத்தனை நாள், சட்டம் என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

(படம் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டதால் கதையின் சில திருப்பங்கள் கீழே வரும். இன்னும் பார்க்காதவர்கள் ‘சரி, எங்கே பார்ப்பது?’ பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.)

கதை என்ன?

ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் உத்தமன் பிரதீப்பும் நிகிதாவும் காதலிக்கிறார்கள். விஷயம் நிகிதாவின் அப்பா வேணு சாஸ்திரிக்குத் தெரிகிறது. அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை, சாதி பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறார். ரெண்டு பேரும் ஒரு நாளைக்குப் போனை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறமும் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசை இருந்தால் பேசலாம்.

அவ்வளவுதான். மீதியை போனே பார்த்துக்கொள்கிறது.

பிரதீப் ரங்கநாதன் எழுதி, இயக்கி, ஹீரோவாக அறிமுகமான படம் இது. 2019-ல் ‘கோமாளி’ படத்தை இயக்கியவர், தான் முன்பு எடுத்த ‘ஆப்(பா) லாக்’ என்ற குறும்படத்தையே இப்படி முழுப் படமாக விரித்தார். ஏஜிஎஸ் தயாரிப்பு. இசை யுவன் ஷங்கர் ராஜா. நிகிதாவாக இவானா, அப்பாவாக சத்யராஜ், பிரதீப்பின் அம்மாவாக ராதிகா. அக்கா திவ்யாவாக ரவீனா ரவி, அவர் கட்டிக்கொள்ளப் போகும் மாப்பிள்ளையாக யோகி பாபு. 2022 நவம்பர் 4-ம் தேதி தியேட்டரில் வெளியானது. அதே மாதம் தெலுங்கிலும் டப்பாகி வந்தது. 2025 பிப்ரவரியில் ‘லவ்யாப்பா’ என்ற பெயரில் ஹிந்தி ரீமேக்கும் வந்தது.

எது நல்லா இருக்கு?

முதல் பலம் அந்த ஒரு வரிக் கதை. தமிழ் சினிமாவில் காதலுக்கு வில்லன் பெரும்பாலும் வெளியில் இருந்துதான் வருவார். சாதி, பணம், முறைமாமன், வெளிநாட்டு மாப்பிள்ளை என்று யாராவது. இங்கே அப்பா ஒரு நிபந்தனை வைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார். மீதி வில்லத்தனம் அவரவர் சாட் ஹிஸ்டரியில் இருக்கிறது. அதனால்தான் படம் பார்க்கும்போது தியேட்டரில் பாதிப் பேர் சிரிக்க, மீதிப் பேர் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

சத்யராஜ் பாத்திரம் இரண்டாவது பலம். சுத்தமான தமிழில், குரலை உயர்த்தாமல் பேசும் அப்பா. அவர் வாயைத் திறக்கும் முன்பே பயம் வருகிறது. கத்துகிற அப்பாக்களை நமக்குப் பழக்கம். கத்தாத அப்பாவைச் சமாளிக்க ஹீரோவிடம் வசனமே இல்லை.

மூன்றாவது, யோகி பாபு – ரவீனா ரவி கிளைக்கதை. மாப்பிள்ளை தன் போனைக் கட்டிக்கப்போற பெண்ணிடம் காட்டவே மாட்டேன் என்கிறார். நாம் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் யூகிப்போம். காரணம் அது இல்லை. அதை இங்கே உடைக்கவில்லை. ஆனால் படத்திலேயே அதிகம் வலிக்கிற காட்சி அதுதான். போனில் எல்லோரும் மறைப்பது தப்பை மட்டும் இல்லை, அவமானத்தையும் மறைக்கிறார்கள் என்று இந்தப் படம் அங்கே சொல்லிவிடுகிறது.

இன்னொன்று, படத்தின் ஆரம்பம். சின்னப் பையன் பிரதீப் ஒரு மாங்கொட்டையை மண்ணில் புதைக்கிறான். முளைத்ததா என்று தோண்டித் தோண்டிப் பார்க்கிறான். நம்பிக்கை வை, அது தானா வளரும் என்பதுதான் அம்மா சொல்லும் பாடம். காதலில் சந்தேகப்படுவதைப் பற்றிய படத்துக்கு இதைவிடச் சுலபமான தொடக்கம் இருக்க முடியாது.

எது இடிக்குது?

குறையும் இருக்கு. போன் மாறியதும் ரெண்டு பேருடைய குட்டும் வெளிப்படுகிறது. ஆனால் இரண்டும் ஒரே எடையில் இல்லை. நிகிதா பக்கம் வெளிவருவது பழைய காதலும் ஆண் நண்பர்களிடம் பேசிய பேச்சும். பிரதீப் பக்கம் வெளிவருவதில் போலிக் கணக்கு, முன்பின் தெரியாத பெண்களுக்கு மெசேஜ் என்று இருக்கிறது. முதலாவது ஒரு பெண்ணின் சொந்த விஷயம். இரண்டாவது அடுத்தவருக்குச் செய்கிற தொல்லை. படமோ இரண்டையும் ஒரே தராசில் வைத்து, “ரெண்டு பேரும்தான் தப்பு பண்ணீங்க” என்று சமன் செய்துவிடுகிறது.

தியேட்டரில் விசில் வாங்கிய சில காட்சிகளை இப்போது வீட்டில் அமைதியாகப் பார்க்கும்போது இது இன்னும் உறுத்துகிறது. நிகிதாவின் போனில் ஒரு ஆண் பெயரைப் பார்த்தாலே பிரதீப் பொங்குகிறார். அதைப் படம் காமெடியாக விற்கிறது. காதலியின் போனைப் பார்க்க உரிமை உண்டா என்ற கேள்வியை யாருமே கேட்கவில்லை. போனில் என்ன இருந்தது என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

நீளமும் கொஞ்சம் அதிகம். இரண்டரை மணி நேரம். இரண்டாம் பாதியில் ஒரே மாதிரியான சண்டை திரும்பத் திரும்ப வருகிறது.

ஒரு வருடம் முன்பே வந்த எச்சரிக்கை

ஆனாலும் கடைசிப் பகுதியில் படம் நிமிர்ந்து உட்காருகிறது. நிகிதாவைப் போலவே தெரியும் ஒரு ஆபாச வீடியோ பரவுகிறது. அது அவரே இல்லை, டீப்ஃபேக். 2022-ல் தியேட்டரில் பார்த்த பலருக்கு அந்த வார்த்தையே புதுசு. “இதெல்லாம் நடக்குமா?” என்று வெளியே வந்து பேசிக்கொண்டார்கள்.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2023 நவம்பரில், நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலில் ஒட்டிய வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அந்த வழக்கில் 2024 ஜனவரியில் டெல்லி போலீஸ் ஒருவரைக் கைது செய்தது. ஒரு காமெடிப் படம் கிளைமாக்ஸுக்காக எடுத்துக்கொண்ட விஷயம் செய்திகளில் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது.

அதனால் இப்போது பார்க்கும்போது படத்தின் முதல் பாதியை விடக் கடைசி அரை மணி நேரம்தான் புதுசாகத் தெரிகிறது. ஒரு பெண்ணின் வீடியோ என்று வந்தால் முதலில் யாரை நம்ப வேண்டும் என்பதில் படம் சரியான பக்கத்தில் நிற்கிறது.

தீர்ப்பு: ஒருமுறை கண்டிப்பாகப் பார்க்கலாம். ஜோடியாகப் பார்ப்பவர்கள், முடிந்ததும் போனை நீட்டாமல் இருந்தால் நல்லது.

சரி, எங்கே பார்ப்பது?

‘லவ் டுடே’ 2022 டிசம்பர் 2-ம் தேதி நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது. ஓடிடி உரிமம் என்பது குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட நாடுகளுக்கு என்று போடப்படும் ஒப்பந்தம். அதனால் எந்தப் படமாக இருந்தாலும் காசு கட்டும் முன் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். ‘ஜஸ்ட்வாட்ச்’ மாதிரியான தளங்களில் படத்தின் பெயரைப் போட்டால், இந்தியாவில் இப்போது எந்த ஓடிடியில் இருக்கிறது, வாடகைக்குக் கிடைக்கிறதா என்று காட்டிவிடும். தேடுவதற்குக் காசு கிடையாது. வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருப்பவர்கள் தங்கள் நாட்டைத் தேர்வு செய்து தேட வேண்டும். இங்கே ஒரு தளத்தில் இருக்கும் படம் அங்கே வேறு தளத்தில் இருக்கலாம்.

தேடும்போது இன்னொரு குழப்பம் வரும். இதே பெயரில் 1997-ல் விஜய் நடித்த படமும் உண்டு. அதுவும் காதல் படம்தான், ஆனால் காமெடி என்று நினைத்து உட்கார்ந்தால் அழுதுவிடுவீர்கள். ஆண்டைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள்.

28 நாள் கணக்கு

தியேட்டரில் வந்த தேதியையும் ஓடிடியில் வந்த தேதியையும் கழித்துப் பாருங்கள். நவம்பர் 4 முதல் டிசம்பர் 2 வரை, சரியாக 28 நாள். இது இந்த ஒரு படத்தோடு முடியவில்லை. சமீபத்திய சில காதல் படங்களின் கணக்கு இது:

• காதலிக்க நேரமில்லை – 2025 ஜனவரி 14 தியேட்டர், பிப்ரவரி 11 நெட்ஃப்ளிக்ஸ். 28 நாள்.

• டிராகன் – 2025 பிப்ரவரி 21 தியேட்டர், மார்ச் 21 நெட்ஃப்ளிக்ஸ். 28 நாள்.

• நிலவுக்கு என் மேல் என்னடி கோபம் – டிராகனோடு அதே நாளில் தியேட்டர், மார்ச் 21 அமேசான் பிரைம். 28 நாள்.

• டியூட் – 2025 அக்டோபர் 17 தியேட்டர், நவம்பர் 14 நெட்ஃப்ளிக்ஸ். 28 நாள்.

• திருச்சிற்றம்பலம் – 2022 ஆகஸ்ட் 18 தியேட்டர், செப்டம்பர் 23 சன் நெக்ஸ்ட். 36 நாள்.

• பிரேமலு (மலையாளம்) – 2024 பிப்ரவரி 9 தியேட்டர், ஏப்ரல் 12 ஹாட்ஸ்டார். 63 நாள்.

பிரேமலு தியேட்டரில் நன்றாக ஓடியது, நடுவில் தமிழ் டப்பிங்கும் திரைக்கு வந்தது. அது மாதிரி சில படங்களைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், தமிழில் ஒரு காதல் படத்துக்கு நாம் காத்திருக்க வேண்டிய காலம் பெரும்பாலும் நாலு வாரம்தான். போன் பில் கட்டுகிற ஒரு சுற்று. அதைக்கூடப் பொறுக்காமல்தான் லிங்க் தேடுகிறோம்.

ஏன் நாலு வாரம்?

ஒரு படத்துக்கு வருமானம் வரும் வழிகள் மூன்று பெரிசு: தியேட்டர், ஓடிடி, சாட்டிலைட் எனப்படும் டிவி உரிமை. ஓடிடி நிறுவனம் பெரிய தொகை கொடுக்கிறது என்றால் சூடு ஆறுவதற்குள் படம் தன் தளத்துக்கு வர வேண்டும் என்று கேட்கும். தியேட்டர்காரர்களோ, “ஒரு மாதத்தில் வீட்டிலேயே வந்துவிடும் என்று தெரிந்தால் யார் வருவார்கள்?” என்று கேட்கிறார்கள். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

ஹிந்தியில் இந்தச் சண்டை வேறு மாதிரி முடிந்திருக்கிறது. வடக்கே பெரிய மல்டிபிளக்ஸ் நிறுவனங்கள் 8 வாரம் கழித்தே ஓடிடி என்பதில் பிடிவாதமாக இருக்கின்றன. அதனால்தான் விஜய்யின் ‘லியோ’, ‘கோட்’ படங்களின் ஹிந்திப் பதிப்பு அந்த மல்டிபிளக்ஸ்களில் வரவில்லை. கமல்ஹாசனின் ‘தக் லைஃப்’ படத்துக்கு 8 வாரம் என்று முதலில் அறிவித்தார்கள். ஆனால் 2025 ஜூன் 5-ல் தியேட்டருக்கு வந்த படம் ஜூலை 3-ல் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்துவிட்டது. அதுவும் 28 நாள்.

இதில் சின்னப் படங்களுக்குத்தான் அடி அதிகம். முன்பு படம் எடுக்கும்போதே ஓடிடி விலை பேசி முடித்துவிடுவார்கள். இப்போது தியேட்டரில் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுவது அதிகமாகிவிட்டது. ஆக, முதல் வாரத்தில் லிங்க்கில் பார்க்கும் ஒவ்வொருவரும் டிக்கெட் காசோடு சேர்த்து, பின்னால் வரும் ஓடிடி விலையிலும் கொஞ்சம் குறைக்கிறார்கள். புது இயக்குநர், புது முகங்கள் என்று வரும் காதல் படத்தால் இதைத் தாங்க முடியாது. “தமிழ்ல நல்ல ரொமான்டிக் காமெடியே வர்றதில்லப்பா” என்று புலம்புவதும் நாம்தான்.

இ.ஒய் நிறுவனமும் இந்திய இணைய, மொபைல் சங்கமும் சேர்ந்து 2024 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் 2023-ல் திருட்டுப் பதிப்புகளின் மதிப்பு 22,400 கோடி ரூபாய் என்கிறது. படம், தொடர் பார்ப்பவர்களில் 51 சதவீதம் பேர் ஏதோ ஒரு திருட்டு வழியைப் பயன்படுத்துகிறார்கள். அதாவது ரெண்டு பேரில் ஒருத்தர். காரணமாக மக்கள் சொன்னது சந்தா விலை, பிடித்த படம் தன்னிடம் இருக்கும் ஆப்பில் இல்லாதது, ஏகப்பட்ட ஆப்களைச் சமாளிக்க முடியாதது. இந்தக் காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. அதற்கான வழியைக் கீழே பார்ப்போம்.

லிங்க்கில் பார்ப்பது குற்றமா?

இதில் பலருக்குக் குழப்பம் உண்டு. பிரித்துப் பார்க்கலாம்.

*தியேட்டரில் பதிவு செய்தால்:* 2023-ல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராஃப் சட்டப்படி குற்றம். குறைந்தபட்சம் 3 மாதம் சிறை, 3 லட்சம் ரூபாய் அபராதம். அதிகபட்சம் 3 வருடம் சிறை, படத்தின் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம். முழுப் படத்தையும் எடுத்தால்தான் என்று இல்லை. ஒரு பகுதியைப் பதிவு செய்து அனுப்ப முயன்றாலும் சட்டத்தின் வரம்புக்குள் வரும். ஹீரோ அறிமுகக் காட்சியை எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் தம்பிகள் இதை ஒருமுறை படித்துக்கொள்ளவும். 2024 ஜூலையில் திருவனந்தபுரம் தியேட்டர் ஒன்றில் ‘ராயன்’ படத்தை போனில் பதிவு செய்துகொண்டிருந்தபோது மதுரையைச் சேர்ந்த ஒருவர் பிடிபட்டார்.

*பரப்பினால்:* அதே சட்டம் திருட்டுப் பிரதியைக் காட்டுவதையும் தடுக்கிறது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவிலும் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி மேலே, 2004 முதல் ‘வீடியோ திருடர்கள்’ குண்டர் சட்டத்திலும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

*வெறுமனே பார்த்தால்:* 2016-ல் முடக்கப்பட்ட தளங்களைத் திறந்தால், “இதைப் பார்ப்பதே குற்றம்” என்ற அர்த்தத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது ஞாபகம் இருக்கலாம். மும்பை உயர் நீதிமன்றம் அது சரியல்ல என்றது. பார்ப்பது அல்ல, அனுமதி இல்லாமல் விநியோகிப்பது, பொதுவில் காட்டுவது, வாடகைக்கோ விற்பனைக்கோ விடுவதுதான் குற்றம் என்று விளக்கியது.

“அப்போ பிரச்சினை இல்லையே” என்று அவசரப்பட வேண்டாம். குரூப்பில் வந்த ஃபைலைப் பார்ப்பதோடு யாரும் நிற்பதில்லை. இன்னொரு குரூப்புக்கு ஃபார்வர்டு பண்ணுகிறோம். அந்த நொடியில் பார்வையாளர் என்ற இடத்தில் இருந்து விநியோகிப்பவர் என்ற இடத்துக்கு நகர்ந்துவிடுகிறோம்.

தளங்களை முடக்கவும் வழிகள் வந்திருக்கின்றன. 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு தளம் பெயரை மாற்றிக்கொண்டு வந்தாலும் ஒவ்வொரு முறையும் புது வழக்கு போடாமல் தடையை நீட்டிக்கலாம் என்றது. 2023 நவம்பரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் தணிக்கை வாரியமும் இதற்கென 12 அதிகாரிகளை நியமித்தன. அவர்கள் உத்தரவிட்டால் 48 மணி நேரத்துக்குள் லிங்க்கை நீக்க வேண்டும். ஆனாலும் பெயரின் கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டு அடுத்த நாள் வந்துவிடுகிறார்கள் என்பதுதான் நடைமுறை.

போனுக்கு என்ன ஆகும்?

சட்டத்தைவிட உடனே அடிக்கும் ஆபத்து இது. திருட்டுத் தளங்கள் சேவை மனப்பான்மையில் நடப்பவை அல்ல. விளம்பரமும் உங்கள் தகவலும்தான் வருமானம்.

• பிளே பட்டனைத் தொட்டால் படம் வராது, சூதாட்ட விளம்பரம் திறக்கும். மூடினால் இன்னொன்று.

• “நோட்டிஃபிகேஷனை அனுமதி” என்று கேட்கும். கொடுத்தால் நாள் முழுக்க “உங்க போன்ல வைரஸ்” என்று மிரட்டல் வரும்.

• “ஹெச்டியில் பார்க்க இந்த ஆப்பைப் போடு” என்று ஏபிகே ஃபைல் வரும். இதுதான் மோசம். பிளே ஸ்டோரில் இல்லாத ஆப் ஒன்று எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டுப் பெற்றுவிட்டால், பேங்க் ஓடிபி அதன் கைக்குப் போகும்.

என் அத்தை பையன் ஒருத்தன் இப்படி ஒரு ஆப்பைப் போட்டுவிட்டு, போன் பூரா விளம்பரமாகி, சரி பண்ணித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினான். நீட்டும்போது சொன்னது, “அண்ணா, வாட்ஸ்அப்ப மட்டும் திறக்காதீங்க.” கூடப் பிறந்தவன் மாதிரி வளர்ந்த எனக்கு அவ்வளவு கட்டுப்பாடு. முகம் தெரியாத ஆப்புக்கு மட்டும் கான்டாக்ட், எஸ்எம்எஸ், கேலரி மூன்றுக்கும் ‘அலவ்’ கொடுத்திருந்தான்.

இப்படி ஏதாவது போட்டிருந்தால் உடனே நெட்டை ஆஃப் செய்து, ஆப்பை நீக்கி, வேறு போனில் இருந்து பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

கம்மி செலவில் சட்டப்படி பார்க்க என்ன வழி?

“அஞ்சு ஆப்புக்கும் காசு கட்ட நான் என்ன அம்பானியா?” என்ற கேள்வி நியாயமானது. எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டியதில்லை.

மாதம் ஒரு ஆப்: நெட்ஃப்ளிக்ஸ் 2021 டிசம்பரில் மொபைல் திட்டத்தின் விலையை 199-ல் இருந்து 149 ரூபாயாகக் குறைத்தது. ஒரு போன் அல்லது டேப்லெட்டில் மட்டும் பார்க்கலாம், டிவியில் போட முடியாது. சென்னை மல்டிபிளக்ஸில் ஒரு டிக்கெட்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. ஒரு மாதம் கட்டி, பட்டியலில் இருக்கும் நாலு படத்தைப் பார்த்துவிட்டு ரத்து செய்யுங்கள். ரத்து செய்தாலும் அந்த மாதம் முடியும் வரை பார்க்கலாம். அடுத்த மாதம் வேறு ஆப். ஆட்டோபேயை நிறுத்த மறந்தால் மட்டும் கணக்கு இடிக்கும், ஜாக்கிரதை.

ரீசார்ஜோடு வருவது: ஜியோ 2023 ஆகஸ்டில் பிரீபெய்டு திட்டங்களோடு நெட்ஃப்ளிக்ஸைச் சேர்த்துத் தரத் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் ஓடிடி சேர்ந்த திட்டங்களை வைத்திருக்கின்றன. நிறைய பேருக்குத் தங்கள் ரீசார்ஜில் என்னென்ன ஓடிடி அடக்கம் என்றே தெரிவதில்லை. புதுசாகக் காசு கட்டும் முன் உங்கள் சிம் கம்பெனியின் ஆப்பைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே காசு கொடுத்த ஒன்றைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வாடகை: அமேசான் பிரைம் வீடியோவிலும் யூடியூபிலும் சில படங்களைத் தனியாக வாடகைக்கு எடுக்கலாம். பிரைமில் வாடகைக்கு எடுக்க சந்தா தேவையில்லை. எடுத்த பிறகு பார்க்கத் தொடங்க பொதுவாக 30 நாள், தொடங்கினால் முடிக்க 48 மணி நேரம்.

இலவசம்: பழைய காதல் படங்கள் ஏராளமாக யூடியூபில் உரிமம் வைத்திருக்கும் நிறுவனங்களின் சேனல்களிலேயே முழுசாகக் கிடைக்கின்றன. விளம்பரம் வரும், அவ்வளவுதான். இதில் ஏமாறாமல் இருக்க ஒரு அடையாளம்: படம் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி திரும்பியிருந்தால், சுற்றி ஏதாவது ஃப்ரேம் ஒட்டியிருந்தால், குரல் கீச்சென்று இருந்தால், அது உரிமம் இல்லாதது. கண்டுபிடிக்காமல் இருக்கத்தான் அந்த வேலை எல்லாம்.

டிவி: பண்டிகை நாட்களில் புதுப் படம் எப்படியும் டிவிக்கு வரும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரிக்க அதுவும் ஒரு வழி.

நண்பன் பாஸ்வேர்டு? நெட்ஃப்ளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவில் அதை நிறுத்திவிட்டது. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் ஒரு கணக்கு.

கடைசியாக

‘லவ் டுடே’யில் போனை மாற்றிக்கொள்ளச் சொன்னதும் பிரதீப்பும் நிகிதாவும் வியர்த்துக் கொட்டுகிறார்கள். கட்டிக்கப்போறவரிடமே கொடுக்கப் பயப்படும் பொருள் அது. அதையே, பெயரில்லாத ஒரு தளத்துக்கு, நாலு வாரம் பொறுத்தால் 149 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு படத்துக்காகத் திறந்துவிடுகிறோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை குரூப்பில் யாராவது “லிங்க் இருக்கா மச்சி?” என்று கேட்டால், ஓடிடி தேதியை அனுப்புங்கள். தேதி இன்னும் வரவில்லை என்றால், தியேட்டர் டிக்கெட் புக் பண்ணும் லிங்க்கை அனுப்புங்கள். நூறு பேர் சேர்ந்து சிரிக்கும்போது வரும் காமெடி, ஹெட்போனுக்குள் பாதிதான் வரும்.